காசு வரவழைத்த கடிகாரக்காரர்



மலருக்கு ஒரு கட்டுரை கொடு தம்பி என்று மலர்க்குழு அண்ணன் என்னைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதித்தான் பழக்கம்! எடிசன், ஐன்ஸ்டீன், விசுவேசுவரய்யா என்று பெரிய பெரிய பெயர்களை எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யோசித்து யோசித்து, ஒரு மேஜிக்காரரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார். பாலிடெக்னிக் மலரில் மேஜிக்காரருக்கு என்ன வேலை என்று நீங்களும் நினைக்கலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காதிலிருந்து வந்த ஐந்து ரூபாய்

போன வருஷம் விடுதி நாள் விழாவில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. என் காதுப்பக்கம் கையைக் கொண்டுபோனார். அடுத்த நொடி அவர் விரல் நுனியில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு! எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

ஏன் தெரியுமா? நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவுக்கு ஒருவன் வந்தான். வெறுங்கையைக் காட்டி, விபூதியைத் தூவி, அம்மா கண் முன்னாடியே காசு வரவழைத்தான். ஒரு காசு இரண்டு ஆனது, இரண்டு நான்கு ஆனது. பிறகு கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து பூஜையில் வைத்தால் அதுவும் இரட்டிக்கும் என்றான். அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்து முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இரண்டு கூழாங்கல். அன்றைக்கு அப்பா வேலையிலிருந்து வந்து பேசிய பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்காதவள், முட்டாள் என்று அக்கம்பக்கமும் பேசியது. அம்மா அதற்கப்புறம் காதில் ஈர்க்குச்சிதான் போட்டிருந்தார்.

விழா முடிந்ததும் அந்த அண்ணன் ரூமுக்குப் போய், அது எப்படி அண்ணா என்று கேட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தார். கூடவே ஒரு பெயரையும் சொன்னார். ராபர்ட் ஹூடின். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவிலங்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வருவாரே, அவர் ஹூடினி. அவர் வேறு, இவர் வேறு. இவர்மேல் இருந்த பக்தியில்தான் எரிக் வைஸ் என்ற அமெரிக்க இளைஞர் தன் பெயரை ஹூடினி என்று மாற்றிக்கொண்டார். அப்படியென்றால் இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பாருங்கள்!

கடிகாரக்காரர் மகன்

ழான் யூஜின் ராபர்ட் 1805 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டில் ப்ளுவா என்ற ஊரில் பிறந்தார். லுவார் நதிக்கரையில் உள்ள ஊர் அது. அப்பா கடிகாரம் செய்பவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். பையனுக்கு விளையாட்டுச் சாமானே சுத்தியலும் அரமும்தான். பட்டறையில் கிடக்கும் பல்சக்கரம், ஸ்பிரிங்கு எல்லாவற்றையும் எடுத்து எதையாவது செய்துகொண்டே இருப்பாராம்.

ஆனால் அப்பாவுக்கு வேறு ஆசை. தான் பட்ட கஷ்டம் மகன் படக்கூடாது, அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். எந்த ஊர் அப்பாவாக இருந்தால் என்ன, அப்பா அப்பாதானே! பதினொரு வயதில் மகனை ஓர்லியான் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார். பதினெட்டு வயதில், அதாவது இப்போது எனக்கு என்ன வயதோ அந்த வயதில், படிப்பை முடித்துத் திரும்பினார் ராபர்ட். ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார வைத்தார்கள். பத்திரம் பார்த்து எழுதுகிற வேலை.

பையனுக்கு மனசு ஒட்டவில்லை. அந்த ஆபீஸில் குருவிக்கூண்டு ஒன்று இருந்தது. குருவி வந்து உட்கார்ந்தால் தானே அசைகிற மாதிரி அதற்குள் ஏதேதோ சின்ன இயந்திரங்களைச் செய்து வைத்தாராம். பத்திரம் அப்படியே கிடந்தது! கடைசியில் ஆபீஸ் முதலாளியே, இவன் கை இதற்குப் பிறந்த கை இல்லை, இவனைக் கடிகார வேலைக்கே விட்டுவிடுங்கள் என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. அதற்குள் அப்பா தன் தொழிலை விட்டுவிட்டதால், உறவினர் ஒருவரின் கடிகாரக் கடையில் ராபர்ட் தொழில் கற்கச் சேர்ந்தார்.

மாறி வந்த புத்தகம்

நண்பர்களே, ஒரு மனிதனின் தலையெழுத்தை மாற்ற ஒரு கடைக்காரரின் கைத்தவறு போதும்! கடிகாரத் தொழிலைப் பற்றி பெர்த்து என்பவர் எழுதிய இரண்டு தொகுதிப் புத்தகம் அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. ராபர்ட் காசு சேர்த்து வைத்து அதைக் கேட்டு வாங்கினார். கடைக்காரர் அவசரத்தில் கட்டித் தந்த பொட்டலத்தை வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், இரண்டு தொகுதி இருக்கிறது, ஆனால் அது விஞ்ஞான வேடிக்கைகள் பற்றிய புத்தகம். சீட்டு வித்தை, காசு வித்தை, பந்து வித்தை எல்லாம் அதில் இருந்தன.

நாமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்போம். அவர் விளக்கு அணையும் வரை உட்கார்ந்து படித்தார். அன்றைக்குப் பிடித்ததுதான், சாகும்வரை விடவில்லை.

புத்தகத்தில் வித்தையின் ரகசியம் இருந்தது. ஆனால் கையை எப்படிப் பழக்குவது என்று அதில் இல்லை. ப்ளுவாவில் மவுஸ் என்று ஒருவர் இருந்தார். கால் ஆணி எடுப்பது அவர் தொழில், கைவித்தையும் தெரியும். அவரிடம் 10 பிராங்க் கொடுத்து, பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கக் கற்றுக்கொண்டார் ராபர்ட். ஒரு மாதத்தில் நான்கு பந்து வரை வந்துவிட்டார். அதோடு விடவில்லை. பந்துகள் மேலே பறந்துகொண்டிருக்கும்போதே எதிரே புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிக்கப் பழகினார். கை தன் வேலையைத் தானே பார்க்கும், கண்ணும் மனசும் வேறு வேலைக்கு. இந்த ஒரு பயிற்சிதான் பின்னால் அவருக்குச் சோறு போட்டது.

அவர் தன் வரலாற்றில் டொரினி என்ற ஊர் சுற்றும் வித்தைக்காரரிடம் கற்றதாகப் பெரிய கதை ஒன்று எழுதியிருக்கிறார். பின்னால் ஆராய்ந்தவர்கள் அது கற்பனைப் பாத்திரம் என்று சொல்வதால் அதை நான் இங்கே சேர்க்கவில்லை.

சட்டைப்பைக்குள் ஒரு பட்டறை

காசு வித்தை கற்க மேடை வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு காசும் நேரமும் இருந்தால் போதும். காசு கிடைத்துவிடும், நேரத்துக்கு எங்கே போவது? பகல் முழுக்கக் கடிகார வேலை. அதற்கு ராபர்ட் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? தன் உடுப்பில் கை சுலபமாகப் போகிற மாதிரி இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்துக்கொண்டார். தெருவில் நடக்கும்போது ஒரு கை பைக்குள்ளேயே இருக்கும். உள்ளே காசு உள்ளங்கைக்குப் போவதும் விரலுக்கு வருவதுமாக இருக்கும். சாப்பிடும்போதுகூட ஒரு கை சாப்பிடும், ஒரு கை படிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அது ஒரு நடமாடும் பட்டறை!

நமக்கு ஒர்க் ஷாப்பில் அரம் பிடிக்கக் கற்றுத் தருகிறார்களே, முதல் வாரம் இரும்புத் துண்டு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஒழுகும். என் துண்டை மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார்கள். நாலாவது தடவைதான் கைக்குப் புரிந்தது. மூளைக்குப் புரிவது வேறு, கைக்குப் புரிவது வேறு. ராபர்ட் ஹூடினைப் படிக்கும்போது இதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

காசு எங்கிருந்து வருகிறது?

சரி, விஷயத்துக்கு வருவோம். காற்றிலிருந்து காசு எப்படி வருகிறது? வரவே இல்லை நண்பர்களே. அது முதலிலிருந்தே கையில்தான் இருக்கிறது! இதுதான் மொத்த ரகசியமும். மற்றதெல்லாம் அந்த ஒரு உண்மையை மறைக்கிற வேலை.

மறைக்க முக்கியமாக இரண்டு இடம். முதலாவது உள்ளங்கை. கட்டைவிரலின் அடியில் ஒரு சதைமேடு இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுண்டுவிரலுக்குக் கீழே இன்னொரு மேடு. இந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் காசை விளிம்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நம் ஒர்க் ஷாப் வைஸ் மாதிரி, ஆனால் லேசாக. கை விறைத்துக்கொண்டு நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கையாலேயே பேனா எடுக்க வேண்டும், தலைமுடி கோத வேண்டும். அப்போதும் காசு விழக்கூடாது.

இரண்டாவது இடம் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் அடிக்கணு. விரல்களைச் சும்மா தொங்கவிட்டால் இயல்பாகவே கொஞ்சம் மடங்கியிருக்கும் அல்லவா? அந்த மடிப்பில் காசு படுத்துக்கொள்ளும். உடனே வரவழைக்க இதுதான் வசதி. கையின் பின்புறம் பார்ப்பவர் பக்கம் இருக்க, கையை அவர் காதருகே கொண்டுபோகும்போது கட்டைவிரல் காசை விரல் நுனிக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான். தள்ளுவதற்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. அதைப் பழக எனக்கு நாலு மாதம் ஆனது!

இன்னொன்று இருக்கிறது, பழைய வித்தை. இடக்கை மேல் பார்த்து இருக்கும். கட்டைவிரலும் மற்ற விரல் நுனிகளும் காசின் விளிம்பைப் பிடித்திருக்கும். வலக்கை அதை எடுக்க வரும். வலது கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழையும், மற்ற விரல்கள் முன்பக்கத்தை மறைக்கும். அந்த நொடியில் இடக்கை காசை விட்டுவிடும். காசு இடது உள்ளங்கையிலேயே விழும். வலக்கை மட்டும் எடுத்த மாதிரி மூடிக்கொண்டு நகரும். இங்கேதான் முக்கியமான சூட்சுமம். வித்தைக்காரரின் கண் எங்கே போக வேண்டும்? வலக்கைக்கு! காசு அங்கேதான் இருக்கிறது என்று அவரே நம்புகிற மாதிரி பார்க்க வேண்டும். அவர் பார்க்கிற இடத்தைத்தான் கூட்டமும் பார்க்கும். வலக்கையைத் திறந்தால் வெறுங்கை. அப்புறம் இடக்கை போய் யார் காதிலிருந்தாவது, சட்டைப்பையிலிருந்தாவது காசை எடுக்கும்.

அந்தக் காலத்து பிரெஞ்சு 5 பிராங்க் வெள்ளிக்காசு 37 மில்லிமீட்டர் குறுக்களவு, 25 கிராம் எடை. நம் 10 ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர்தான். அவ்வளவு பெரிய காசை வெறுங்கையில் ஒளித்து வைப்பது என்றால் சும்மாவா! பின்னால் 1868-ல் ராபர்ட் ஹூடின் கைவித்தையின் இரகசியங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதுவரை குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்த தொழிலை, பாடப்புத்தகம் மாதிரி வரிசையாகப் பிரித்து எழுதினார்.

பாரிஸில் பட்ட பாடு

மேஜிக் பித்துப் பிடித்தாலும் அவர் தொழிலை விடவில்லை. 1830-ல் பாரிஸில் இருந்த ஹூடின் என்ற கடிகாரக்காரரின் மகள் ஜோசப் செசிலைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு ராபர்ட் ஹூடின் ஆனார். நம் ஊரில் இப்படிச் செய்தால் சும்மா விடுவார்களா!

மாமனாரின் பட்டறையில் வேலை. அதன்பின் பணக் கஷ்டம். ஒரு அலாரம் கடிகாரம் செய்தார். மணி அடிக்கும்போதே தானாக ஒரு மெழுகுவர்த்தியும் பற்றிக்கொள்ளும். கரண்டு விளக்கு இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய உபகாரம்! நன்றாக விற்றது. இன்னொரு கடிகாரத்தின் முகம் முழுக்கக் கண்ணாடி. பின்னால் இயந்திரமே தெரியாது, முள் மட்டும் சுற்றும். எப்படி என்று எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1844-ல் பாரிஸ் பொருட்காட்சியில், கேட்ட கேள்விக்கு விடை எழுதி, படமும் வரைகிற இயந்திரப் பொம்மை ஒன்றை வைத்தார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மன்னர் லூயி பிலிப் வந்து பார்த்தார். பின்னால் அமெரிக்காவின் காட்சிசாலை முதலாளி பார்னம் அந்தப் பொம்மையை விலைக்கு வாங்கினார். ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க மனைவி இல்லை. 1843-லேயே இறந்துவிட்டார். பிறந்த எட்டுக் குழந்தைகளில் மிஞ்சியது மூன்றுதான். தாயில்லாமல் வளர்ந்தவர், தன் பிள்ளைகளும் தாயில்லாமல் நிற்பதைப் பார்க்க வேண்டி வந்தது. குழந்தைகளுக்காக அடுத்த வருஷம் மறுமணம் செய்துகொண்டார்.

1845 ஜூலை 3

பாரிஸில் பாலே ரோயால் என்ற இடத்தில் சிறிய அரங்கம் ஒன்றை அமைத்தார். சுமார் 200 பேர் உட்காரலாம். அதுவரை வித்தைக்காரர் என்றால் நீள அங்கி, கூம்புத் தொப்பி, மேஜைமேல் தரையைத் தொடும் துணி. துணிக்கடியில் என்னென்னவோ! ராபர்ட் ஹூடின் அதையெல்லாம் தூக்கி எறிந்தார். விருந்துக்குப் போகிற கனவான் உடுத்தும் கறுப்புக் கோட்டோடு மேடைக்கு வந்தார். மேஜைகளில் துணி இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லை, பாருங்கள் என்ற மாதிரி நின்றார். இன்றைக்கும் மேஜிக்காரர் கோட்டுப் போடுகிறாரே, அந்த வழக்கத்தை ஊன்றியவர் இவர்தான்.

1845 ஜூலை 3-ந் தேதி முதல் காட்சி. அன்றைக்கு நடந்தது என்ன? பயம்! நாக்கு குழறியது, கை நடுங்கியது. இத்தனை வருஷம் பைக்குள் பழகிய கை, நாலு பேர் முன்னால் நடுங்கியது. (வைவாவில் நமக்கு நடுங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இனிமேல் வேண்டாம், இழுத்து மூடிவிடலாம் என்று முடிவே கட்டிவிட்டார். மறுநாள் ஒரு நண்பர் வந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், மூடிவிடுவதுதான் நல்லது, ஆரம்பித்ததே தப்பு என்றாராம். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது! காட்சி தொடரும் என்று திரும்ப விளம்பரம் போட்டுவிட்டார். நண்பரின் பாராட்டைவிட அவர் செய்த அவமானம்தான் அவரைக் காப்பாற்றியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கூட்டம் சேர்ந்தது. காசுகளைக் கையில் வைத்து மேலே தொங்கும் கண்ணாடிப் பெட்டியை நோக்கி எறிகிற மாதிரி செய்வார். கை வெறுங்கை ஆகிவிடும். பூட்டிய பெட்டிக்குள் சலசலவென்று காசு விழும். கைப்பழக்கம் பாதி, இயந்திரம் பாதி! கையில் இருந்த காசு கையிலேயே மறையும், பெட்டியில் விழுந்த காசு முன்பே பெட்டியில் ஒளிந்திருந்த காசு. ஒரு ஆரஞ்சுச் செடி எல்லார் கண் முன்னும் பூக்கும், காய்க்கும். பழத்தைப் பறித்துக் கூட்டத்துக்குக் கொடுப்பார். நிஜப் பழம்! கடைசிப் பழம் மட்டும் பிளக்கும். இரண்டு பட்டாம்பூச்சிகள் ஒரு கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பும். 1846-ல் மகன் எமீலின் கண்ணைக் கட்டி, கூட்டத்தில் யார் என்ன பொருளைக் காட்டினாலும் சொல்ல வைத்தார். இதற்காக அப்பாவும் மகனும் கடைவீதியில் நடந்து, கண்ணாடிக்குள் இருக்கும் சாமான்களை ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் எழுதிப் பார்த்துப் பழகினார்களாம்.

1848-ல் பிரான்சில் புரட்சி. நாடகக் கொட்டகைகள் காலி. அவர் லண்டன் போனார். அங்கே விக்டோரியா மகாராணியே அவர் வித்தையைப் பார்த்தார்.

தூக்க முடியாத பெட்டி

நம் எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்கவும். ஒரு சின்னப் பெட்டி. ஒரு குழந்தை தூக்கிவிடும். ராபர்ட் ஹூடின் கையசைத்ததும் எந்தப் பயில்வான் வந்தாலும் அசைக்க முடியாது. பெட்டியின் அடியில் இரும்புத் தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம். சுவிட்சைப் போட்டால் பெட்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும். நாம் முதலாமாண்டு லேபில் செய்கிற சோதனைதான்! ஆனால் மின்காந்தம் என்ற ஒன்றே 1825 வாக்கில்தான் வந்தது. பொதுமக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாத காலம்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நான் ரொம்ப யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

1856-ல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. 1830-லிருந்து பிரான்ஸ் அந்த நாட்டைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்தது. மக்கள் எதிர்த்தார்கள். மராபூ என்ற மதப் பெரியவர்கள் சிலர் அற்புதங்கள் செய்து காட்டி மக்களைத் திரட்டுகிறார்கள், பிரெஞ்சுக்காரரின் மந்திரம் அதைவிடப் பெரியது என்று காட்ட வேண்டும் என்பது அரசின் கணக்கு. அல்ஜியர்ஸ் நகர அரங்கில் பல குலத் தலைவர்கள் முன்னால் வித்தை காட்டினார் ராபர்ட் ஹூடின். பலசாலி ஒருவரை மேடைக்கு அழைத்து, உன் பலத்தைப் பறித்துவிட்டேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. அதோடு கைப்பிடி வழியாக ஷாக்கும் கொடுத்தார். அந்த மனிதர் அலறியடித்துக்கொண்டு ஓடினார்.

பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பெரிய வெற்றி என்று எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஓடிய அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார்? மின்காந்தம் தெரியாதது ஒரு குற்றமா? தெரிந்தவன் தெரியாதவனைப் பயமுறுத்துவது வித்தையா? எனக்கு எங்கள் தெருவும் மஞ்சள் துணி முடிச்சும்தான் நினைவுக்கு வந்தன. நான் மதிக்கிற ஒருவரின் வாழ்க்கையில் இந்த ஒரு இடம் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. இவை மந்திரம் அல்ல, கைத்திறமையும் கலையும்தான் என்று பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் அந்த மக்களுக்கு விளக்கப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். விளக்கியது நல்லதுதான். ஆனால் முதலில் பயமுறுத்திவிட்டு அப்புறம் விளக்குவது சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அல்ஜீரியா 1962-ல்தான் விடுதலை பெற்றது.

கடைசிக் காலம்

மேடையிலிருந்து ஓய்வு பெற்று ப்ளுவாவுக்குப் பக்கத்தில் செயின்ட் ஜெர்வே என்ற இடத்தில் வீடு கட்டிக்கொண்டு குடியிருந்தார். அந்த வீடே ஒரு மேஜிக்! தூரத்து வாசல் கேட்டில் யாராவது வந்தால் வீட்டுக்குள் மின்சார மணி அடிக்கும். வீட்டுக் கடிகாரங்கள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. வேளை வந்ததும் லாயத்தில் குதிரைக்குத் தீனி தானாக விழும். 1850-களிலும் 60-களிலும் இதெல்லாம் நடந்தது என்றால் நம்ப முடிகிறதா? 1858-ல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். கண்ணை ஆராய்கிற கருவிகள்கூடச் செய்தார்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. படையில் இருந்த மகன் யூஜின் அந்தப் போரில் காயம்பட்டு இறந்தார். எத்தனையோ காசுகளைக் காணாமல் போக்கித் திரும்ப வரவழைத்த கை அது. போன மகனைத் திரும்ப வரவழைக்க அந்தக் கையால் முடியவில்லை. 1871 ஜூன் 13-ந் தேதி, நிமோனியாக் காய்ச்சலில், 65 வயதில் ராபர்ட் ஹூடின் காலமானார்.

அவர் பெயரில் இருந்த அரங்கத்தை 1888-ல் வாங்கியவர் ஜார்ஜ் மெலியஸ். சினிமாவில் தந்திரக் காட்சிகளுக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர். ஹூடினி 1908-ல் தன் ஆதர்ச புருஷரையே தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். பல வித்தைகள் ராபர்ட் ஹூடினின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பது அவர் வாதம். காசு வித்தையை மட்டுமே வைத்துப் பெயர் வாங்கிய நெல்சன் டௌன்ஸ் என்ற அமெரிக்கர் 1899-ல் லண்டனில் கொடிகட்டிப் பறந்தார். அவர் முன்பு ரயில்வே தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருக்கும் வேலையில் கிடைத்த சும்மா நேரம்தான் பள்ளிக்கூடம்! ராபர்ட் ஹூடின் பிறந்த ப்ளுவாவில் 1998-ல் மேஜிக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அம்மாவுக்கு ஒரு காட்சி

போன செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். வெறுங்கையைக் காட்டி அவர் காதுப்பக்கத்திலிருந்து ஒரு ஐந்து ரூபாயை எடுத்தேன். ஈர்க்குச்சி இருந்த அதே காது. அம்மா முகம் வெளிறிப்போனது. சந்தோஷப்படுவார் என்று நினைத்த நான் பயந்துவிட்டேன். அம்மாகிட்ட கையைத் திருப்பிக் காட்டினேன். இதோ பாரும்மா, காசு இங்கதான் இருந்தது, முதல்லேருந்தே இருந்தது என்று மெதுவாக, ஒவ்வொரு விரலாக, பத்துத் தடவை செய்து காட்டினேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு காசை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். விழுந்துவிட்டது. திரும்ப வைத்தார். திரும்ப விழுந்தது. இதைப் பழக எத்தனை நாள் ஆச்சுடா என்று கேட்டார். நாலு மாசம் என்றேன். அப்போ அவனும் மெனக்கெட்டுத்தான் பழகியிருக்கான், நான் ஒண்ணும் அவ்வளவு முட்டாள் இல்லை என்று சொல்லிவிட்டு, சாதம் வடிக்கப் போய்விட்டார். கம்மல் திரும்பி வரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி, அப்பாவைக் கூப்பிட்டு அந்த வித்தையைக் காட்டச் சொன்னவர் அம்மாதான். அப்பா பார்த்தார். இரண்டாம் தடவை காட்டச் சொன்னார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். ஏழு வருஷமாகக் கேட்ட அந்தப் பேச்சை அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

நண்பர்களே! நாம் எல்லாரும் கையால் பிழைக்கப்போகிறவர்கள். லேத்தோ, வெல்டிங்கோ, வயரிங்கோ, நம் கைக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. மோட்டாரில் ஒரு வயர் விட்டுப்போனதற்கு முழுக் காயிலும் போச்சு என்று சொல்லிக் காசு பறிக்கவும் அந்தக் கையால் முடியும். இதோ இந்த வயர்தான், பாருங்கள் என்று காட்டவும் முடியும். ராபர்ட் ஹூடினிடமிருந்து உழைப்பை எடுத்துக்கொள்வோம், பைக்குள் காசு உருட்டிய அந்தப் பொறுமையை எடுத்துக்கொள்வோம். அல்ஜியர்ஸ் மேடையை மட்டும் அங்கேயே விட்டுவிடுவோம்.

கட்டுரையைப் படித்த யாராவது காசு வித்தை கற்க விரும்பினால் விடுதிக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பேன். காசு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்!



இரண்டாமாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு